மூக்கு வழியே பிளவக்கல்

ராஜபாளையத்திலிருந்து பிளவக்கல் அணைக்கு வழி கேட்டால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எவரும் சொல்லிவிடுவார். ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், அங்கே மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு, அப்புறம் கூமாப்பட்டி, அதையும் தாண்டி மலை முட்டுகிற இடத்தில் அணை. கார் என்றால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

இது சாதாரண ஜனங்களுக்கான வழி. வீட்டில் மூன்று மாதக் கர்ப்பிணியை வைத்திருக்கும் புருஷன்மார்களுக்குச் செல்லுபடியாகாது. அவர்களுக்கு வேறு மேப். அதில் கிலோமீட்டர் கிடையாது, வாடைதான் உண்டு. எங்கே கார்க் கண்ணாடியை ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும், எந்தக் கடை முன்னால் வண்டி நிற்கவே கூடாது... எல்லாம் அதில் சிவப்பு மசியில் குறித்திருக்கும். போன ஐப்பசியில் அப்படி ஒரு மேப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிளவக்கல் போனோம்.

விஷயம் காபியில் ஆரம்பித்தது. "என்னங்க, டிகாக்ஷன் இறக்காதீங்க, குடலைப் பிரட்டுது" என்றாள் வீட்டுக்காரி. காபி போயிற்று. அடுத்த நாள் தாளிப்பு போயிற்று. அதற்கடுத்த நாள் பிரிட்ஜ். திறந்தாலும் வாடையாம், மூடினாலும் வாடையாம். என் ஷேவிங் லோஷன் பீரோ உச்சிக்கு ஏறியது. தேங்காய் எண்ணெய் தடவிய தலையோடு படுக்கையறைக்குள் பிரவேசிக்கத் தடை உத்தரவு. பத்தாம் நாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை, உள்ளேயிருந்து குரல்:

"பஸ்ஸுலயா வந்தீங்க? பக்கத்துல நின்ன ஆளு பீடி குடிச்சிருக்கார்."

சத்தியமாகச் சொல்கிறேன், குடித்திருந்தார்!

நாய்க்குப் பேர்போன ஊர் எங்கள் ஊர். ஆனால் ராஜபாளையம் நாய் கண்ணால் பார்த்து விரட்டுகிற வேட்டை ஜாதி. மூக்குப் போட்டியில் அதுவே தோற்றுப் போய்விடும். (இந்த ஒப்பிடுதலை நான் வீட்டில் சொல்லவில்லை. நீங்களும் சொல்லி வைக்காதீர்கள்.)

அந்த ஒரு மாதத்தில் தமிழும் கொஞ்சம் வளர்ந்தது. நமக்கெல்லாம் வாசனை, நாற்றம் என்று இரண்டே கணக்கு. அவளிடம் முழுப் பேரேடே இருந்தது. முட்டை ஓட்டில் கவிச்சி. மிளகாய் வறுத்தால் கமறல். பெயின்ட் அடித்த சுவரில் நெடி. நேற்றைய சோற்றில் ஊசல். எண்ணெய்ப் பாத்திரத்தில் சிக்கு. காயாத துணியில் மக்கல். 'நாற்றம்' என்ற பாவப்பட்ட சொல்லுக்கே பழைய தமிழில் நறுமணம் என்றுதான் அர்த்தம். பிற்பாடு யாரோ கெடுத்துவிட்டார்கள்.

ஆபீஸில் இதைச் சொன்னால் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. சீனியர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எங்க அம்மா எட்டுப் பெத்தா சார். ஒரு நாள் மூக்கைப் பொத்தினதில்ல. இதெல்லாம் இந்தக் காலத்துப் பொண்ணுங்க பண்ற பந்தா" என்றார். இன்னொருவர், "ரெண்டு நாள் கண்டுக்காம விடுங்க, தானா சரியாயிரும்" என்றார். இவர் ரிக்கார்டு ரூம் பொறுப்பாளர். கண்டுகொள்ளாமல் விட்டால் சரியாகிவிடும் என்பது அவர் உத்தியோகத்துக்கே உள்ள நம்பிக்கை.

பந்தாவா, நிஜமா? நான் படித்தது பி.காம். மூக்கு சாஸ்திரம் இல்லை. இருந்தாலும் தேடிப் படித்ததைக் கணக்குப்பிள்ளை பாஷையில் சொல்கிறேன்.

ஸ்வீடன் நாட்டில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து விசாரித்து 2004-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆரம்ப மாதங்களில் மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள், 'வாடை முன்னைவிடத் தூக்கலாகத் தெரிகிறது' என்று சொல்லியிருக்கிறார்கள். எனவே எங்கள் வீட்டுப் பிரச்னை உலகப் பிரச்னை. வேடிக்கை இனிமேல்தான். மற்ற விஞ்ஞானிகள் கர்ப்பிணிகளையும் மற்றவர்களையும் உட்கார வைத்து, மணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீர்க்க வைத்து, யார் மூக்கு முதலில் கண்டுபிடிக்கிறது என்று பரீட்சை வைத்தார்கள். பெரும்பாலான பரீட்சைகளில் பெரிய வித்தியாசமே இல்லை! வித்தியாசம் வந்தது வேறு இடத்தில். சில மணங்களைக் கொடுத்து 'இது எப்படி இருக்கிறது?' என்று கேட்டபோது கர்ப்பிணிகள் பலருக்கு அது சகிக்கவில்லை.

அதாவது பில் அதே பில்தான். ஆடிட்டர் மாறிவிட்டார். இத்தனை வருஷமாக எதை நீட்டினாலும் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்ட பழைய ஆடிட்டர் லீவில் போய், ஒரு கறார்ப் பேர்வழி சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். காபிப் பொடியிலிருந்து கணவன் வரை எல்லா வவுச்சரிலும் சிவப்பு மசி.

இந்த ஆடிட்டர் ஏன் வருகிறார் என்பதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். வயிற்றுப் பிள்ளையின் உறுப்புகள் உருவாகிற நேரத்தில் கெட்டுப்போன இறைச்சி, விஷப் பொருள் எதுவும் உள்ளே போகாமல் இயற்கை வைத்த காவல் என்பது ஒரு கட்சி. கேட்க நன்றாக இருக்கிறது, கேஸ் முடியவில்லை. குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும் ஓரளவு ஆள் பிடிபட்டிருக்கிறது. ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோன். கருவும் நஞ்சும் சேர்ந்து அதைத் தாயின் ரத்தத்தில் இறக்குகின்றன. கர்ப்பத்துக்கு முன் அது உடம்பில் குறைவாக இருந்து பழகியவர்களைத்தான் இந்தத் திடீர் வரவு புரட்டிப் போடுகிறது என்று 2023 டிசம்பரில் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். கேம்பிரிட்ஜ்காரர்களோடு இலங்கை ஆய்வாளர்களும் அதில் உண்டு. எந்த வகையில் பார்த்தாலும் பந்தா என்ற தலைப்பில் இதைப் பதிவு செய்ய வழியில்லை. சீனியரிடம் சொன்னேன். "அப்படியா" என்று கண்ணாடியைத் திரும்பவும் துடைத்தார்.

சிரிப்பு இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள் ஐம்பதுக்கு வந்திருந்தாள். லேடி டாக்டர் எடை மெஷினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "இன்னொரு கிலோ குறைஞ்சா அட்மிட் பண்ணி டிரிப்ஸ் ஏத்தணும். ஒரு நாள் பூராத் தண்ணி கூட வயித்துல தங்கலேன்னாலோ, ஒண்ணுக்கு அடர்த்தியா, கொஞ்சமாப் போனாலோ, எந்திரிச்சா தலை சுத்தினாலோ காலைல வரலாம்னு இருக்கக் கூடாது. ராத்திரியே வரணும்" என்றார். வாந்தியை நிறுத்த மாத்திரை எழுதினார். "ஆறின சாப்பாடாக் குடுங்க. சூட்டுலதான் வாடை கிளம்பும். கொஞ்சம் கொஞ்சமா, பல தடவையாக் குடுங்க. அவங்க அம்மா வீடு எங்க?"

"வத்திராயிருப்பு டாக்டர்."

"காத்தோட்டமா இருக்குமே. நாலு நாள் விட்டுட்டு வாங்க."

நூறு கர்ப்பிணிகளில் ஒருவரிருவருக்கு இது எல்லை மீறிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வரும். அரண்மனையில் இருந்தாலும் தப்பாது. இங்கிலாந்து இளவரசர் வில்லியமின் மனைவி கேத்தரினே 2012 டிசம்பரில் இதற்காக லண்டன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

ஆக, பயணம். கார் மச்சினனுடையது. முதல் காரியமாக டேஷ்போர்டில் ஒட்டியிருந்த ரோஜா சென்ட் பாட்டிலைக் கழற்றி அவன் கையில் கொடுத்தோம். "நூத்தம்பது ரூபா அத்தான்" என்று முணுமுணுத்தான். "வீட்டுல வச்சுட்டு வாடா" என்றாள் அக்கா. சரித்திரம் முடிந்தது.

ராஜபாளையத்தைக் காலை ஆறு மணிக்கே கடந்தோம். மில் ஷிப்ட் மாறுகிற நேரம், டீக்கடைகளில் முதல் வடை இன்னும் எண்ணெயில் விழவில்லை. மேப்பின் விசேஷமே அந்த நேரம்தான். அரை மணி தாமதித்தால் ஊர் முழுக்க ஒரே எண்ணெய்க் கொப்பரை. பஞ்சு, நூல், பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி என்று பஞ்சையே நம்பி வாழும் ஊர் இது. பஞ்சுக்கு வாடை கிடையாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "காஞ்ச தூசி வாடை" என்றாள் அவள், கண்ணை மூடியபடி. பேரேட்டில் இன்னொரு வரவு.

அடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூர். மேப்பில் முழுச் சிவப்பு.

வெளியூர்க்காரர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் கிடையாது. பெரிய வாணலியில் கைவிடாமல் கிண்டிக் கிண்டிப் பால் சுண்டும்போது கிளம்புகிற அந்த வாசனைக்கு ஆசைப்பட்டு பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கியவர்கள் உண்டு. எங்கள் வண்டியில் அந்த வாசனை அபாய அறிவிப்பு. கண்ணாடிகள் நாலும் ஏறின. எலுமிச்சம்பழம் மூக்கருகே போயிற்று. மச்சினன் பல்லைக் கடித்துக்கொண்டு கடைத்தெருவைத் தாண்டினான்.

ஆனால் இந்த ஊர் ஒரு விதத்தில் மூக்குக்காரர்களின் ஊர்தான். பெருமாளுக்குக் கட்டிய மாலையை ஆண்டாள் முதலில் தான் சூடிப் பார்த்ததும், பெரியாழ்வார் புது மாலை கொண்டு போனபோது அவள் சூடியதன் மணம்தான் வேண்டும் என்று பெருமாள் பிடிவாதம் பிடித்ததும் ஊரறிந்த கதை. நாச்சியார் திருமொழியில் வெண்சங்கைக் கூப்பிட்டு, கண்ணன் வாய் என்ன வாசனை என்று விசாரிக்கிறாளே, அந்த மாதிரி ஒரு விசாரணையை வேறு யார் செய்திருக்கிறார்கள்? இன்றைக்கும் புரட்டாசி பிரம்மோற்சவத்துக்கு இங்கிருந்து திருப்பதிக்கு மாலை போகிறது. கோபுரம் தெரிந்ததும், "துளசி வாடை மட்டும் ஒண்ணும் பண்ணல" என்றாள். கோவிலுக்குள் போகவில்லை. கற்பூரமும் விளக்கு எண்ணெயும் ஒத்துக்கொள்ளாது என்று மேப் சொல்லியது. வாசல் பூக்கடையில் ஒரு கைப்பிடி துளசி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடி அதை எடுத்து முகர்ந்தாள். ஒரு மாதத்தில் அவளாக விரும்பி முகர்ந்த முதல் வஸ்து அது.

கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பியதும் கண்ணாடிகளை இறக்கலாம். இங்கிருந்து மலை எதிரே வந்துகொண்டே இருக்கும். நெல் வயல், தென்னை, கண்மாய், திரும்பவும் வயல். முந்தின நாள் மழை பெய்திருந்தது.

மாமியார் வீட்டுத் திண்ணையில் அத்தை காத்திருந்தார். சீனியரின் 'எட்டுப் பெத்தா' வசனத்தை மச்சினன் போட்டு உடைத்தான். அத்தை சிரிக்கவில்லை.

"இவளைச் சுமக்கறப்ப வீட்டுல பன்னெண்டு உருப்படி, மாப்பிள்ளை. கருவாட்டுக் குழம்பு கொதிச்சுக்கிட்டு இருக்கும். கொல்லைக்கு ஓடி வாந்தி எடுப்பேன். வாயைக் கொப்பளிச்சுட்டு வந்து கிண்டுவேன். திரும்ப ஓடுவேன். கொழம்பு நல்லாருக்குன்னு எல்லாரும் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாக. நீ சாப்டியான்னு கேக்கத்தான் ஆளில்ல."

சீனியரின் அம்மாவும் மூக்கைப் பொத்தித்தான் இருப்பார். பார்ப்பதற்கு அந்த நேரத்தில் அடுப்படியில் எந்த ஆம்பிளை இருந்தான்?

அத்தை தயிர்சோற்றைப் பிசைந்து, ஆறவிட்டு, வாழை இலையில் கட்டி, ஒரு சொம்பு நீர்மோருடன் கொடுத்தார். "வீட்டுக்குள்ள வேண்டாம். டேமுக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க இறங்கும் அவளுக்கு."

வழியில் கூமாப்பட்டி. 2025 ஜூனில் ஒரு செல்போன் வீடியோ ஊரையே தூக்கி உலகத்தின் நடுவில் வைத்ததே, அதே கூமாப்பட்டி. அந்த வாரம் வண்டி வண்டியாக ஜனம் வந்து இறங்க, அணையில் குளிக்க அனுமதியில்லை என்று அதிகாரிகள் அறிவிக்க வேண்டியதாயிற்று. நாங்கள் போனபோது அந்தத் திருவிழாவெல்லாம் அடங்கி, களத்தில் வைக்கோல் காய்ந்துகொண்டிருந்தது. அணைக்குப் போக விரும்பும் பேச்சிலர் அன்பர்கள் விசாரித்துக்கொண்டு போகவும். தண்ணீரில் இறங்கும் எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகவும்.

பிளவக்கல் என்பது ஓர் அணை இல்லை, இரண்டு. பெரியாறு அணை, கோவிலாறு அணை. இந்தப் பெரியாறுக்கும் முல்லைப் பெரியாறுக்கும் சம்பந்தமில்லை. இங்கே வழக்கும் கிடையாது, கேரளாவும் கிடையாது. 1970-களில் கட்டியவை. பெரியாறு அணையின் உயரம் 47 அடிச் சொச்சம், கோவிலாறு அதைவிடக் கொஞ்சம் குட்டை. மேட்டூரைப் பார்த்த கண்ணுக்குப் பொம்மை மாதிரிதான் தெரியும். ஆனால் வத்திராயிருப்பு வட்டாரத்துக் கண்மாய்கள் நிறைவதும் நிறையாததும் இந்தப் பொம்மைகள் கையில்தான். பின்னால் நிற்கிற மலை, சாம்பல் நிற அணில் சரணாலயமாக இருந்து 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமான காட்டைச் சேர்ந்தது. புலி இருக்கிறதா என்று மச்சினன் கேட்டான். "இருந்தா அக்கா வாடை பிடிச்சுச் சொல்லிருவா" என்று அவனே பதிலும் சொல்லிக்கொண்டான்.

கரையோர மரத்தடியில் உட்கார்ந்தோம். மலையிலிருந்து காற்று. நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தண்ணீர் மாதிரி இருந்தது. அவள் ஒரு ஈர மண்கட்டியை எடுத்து உடைத்தாள். முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள்.

"ஏங்க, இதைத் தின்னலாம் போல இருக்குங்க."

திக்கென்றது. அப்புறம் காலேஜ் தமிழ் வகுப்பு ஞாபகம் வந்தது. புறநானூற்றில் இருபதாவது பாட்டு. குறுங்கோழியூர் கிழார் என்ற புலவர் ஒரு சேர ராஜாவைப் புகழ்கிறார். உன் நாட்டு மண்ணைப் பகைவர் யாரும் உண்ண முடியாது, மசக்கைக்காரப் பெண்கள் ஆசைப்பட்டு உண்டால்தான் உண்டு என்கிறார். ராஜாவின் பாதுகாப்பு ஏற்பாட்டையே மீறக்கூடியவர் அந்த நாட்டில் கர்ப்பிணி ஒருத்திதான்! இரண்டாயிரம் வருஷப் பழைய ஆசை இது. ஆனால் சோகையாக இருந்தாலும் மண் தின்னத் தோன்றும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். மண்ணை வாங்கி வைத்துவிட்டு, நர்ஸிடம் இதைச் சொல்லி ரத்தம் பரிசோதிக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். முகர்வதற்குத் தடை சொல்லவில்லை.

மழை பெய்த மண்ணின் வாசனைக்குக் காரணம், மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் செய்கிற ஜியோஸ்மின் என்ற பொருள். லட்சம் கோடியில் ஒரு சில பங்கு இருந்தாலே மனுஷ மூக்கு பிடித்துவிடும். அவள் மண்ணை முகர்ந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் சைக்கிளில் கெண்டை மீன் கூடையுடன் எங்களைத் தாண்டிப் போனார். "ஐயே!" என்று முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். ஆற்று மீன், குளத்து மீனில் மண் வாடை அடிக்கிறது என்கிறோமே, அதற்குக் காரணமும் அதே ஜியோஸ்மின்தான். ஒரே சரக்கு, ஒரே நிமிஷம். மண்கட்டியில் வந்தால் பாஸ், மீன் கூடையில் கவிச்சியோடு சேர்ந்து வந்தால் ரிஜெக்ட். என் ஆடிட்டர் தியரிக்கு இதைவிட நல்ல சாட்சி எந்த லேபரட்டரியிலும் கிடைக்காது.

சைக்கிள் மறைந்தபின் நீர்மோர். இரண்டு மடக்கு. கொஞ்சம் நேரம் கழித்து இன்னும் இரண்டு. அப்புறம் தயிர்சோற்றில் நெல்லிக்காய் அளவு ஓர் உருண்டை. மூவரும் பேசவில்லை. நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து நிமிஷம். பத்து. மச்சினன் அணையைப் பார்ப்பதுபோல் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபது நிமிஷம் ஆயிற்று.

"நார்த்தங்காய் வைக்கலையா அம்மா?" என்றாள்.

அவள் இலையை வழித்துச் சாப்பிட்டதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அரை மணி, முக்கால் மணி. எதுவும் திரும்பி வரவில்லை.

நாலு நாள் என்று சொன்னது பதினோரு நாள் ஆயிற்று. தினம் காலையில் மச்சினன் அவளை அணைக்குக் கூட்டிப் போனான். ஆறின சோறு, மோர், எலுமிச்சை, டாக்டர் எழுதின மாத்திரை. ரத்தத்தில் இரும்பு குறைவுதான் என்று ரிசல்ட் வந்து அதற்கும் மாத்திரை எழுதினார்கள். நான் ராஜபாளையத்தில் தனியாகச் சமைத்துக் கைப்பழக்கம் பெற்றேன். அவள் திரும்பி வந்த பின்னும் மூக்குச் சீரமைப்பு முடியும்வரை அடுப்படி என் இலாகாவிலேயே இருக்கும் என்று முடிவாயிற்று. ஆபீஸில் இந்தச் செய்தி பரவி, சீனியர் என்னிடம் ரசப்பொடி விகிதம் கேட்கும் அளவுக்கு நிலைமை முன்னேறியது.

அடுத்த செக்கப்பில் எடை ஐம்பது புள்ளி எட்டு. லேடி டாக்டர் இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை. அதையே நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டேன். பெரும்பாலோருக்குப் பதினாறு, இருபது வாரத்துக்குள் இந்த ஆடிட்டர் மாற்றலாகிப் போய்விடுவாராம். எங்கள் வீட்டில் பதினேழாவது வாரம் காபிக்கு அனுமதி கிடைத்தது. பதினெட்டில் தாளிப்பு, கடுகு மட்டும். ஷேவிங் லோஷன் சம்பந்தமான மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.